தெளிந்த குழாயை நம்பாதீர்கள்

புரதப் படிக ஆய்வகங்களில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேர்விட்டிருக்கிறது. சுத்திகரித்த புரதம் குழாயில் கலங்காமல் நின்றால் பாதி வேலை முடிந்தது என்பது அந்த நம்பிக்கை. கலங்கத் தொடங்கினால் அதற்கும் மருந்து தயார்: கிளிசராலைக் கூட்டு, உப்பைக் கூட்டு, ஆர்ஜினின் சேர், டிடர்ஜென்ட் கொஞ்சம் விட்டுப் பார், எப்படியாவது கரைய வை. ஆய்வில் சேரும் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே இது கற்பிக்கப்படுகிறது. ஆய்வகக் கூட்டங்களில் முதலில் வரும் கேள்வியும் பெரும்பாலும் "எத்தனை மில்லிகிராம் வரை கரையுது?" என்பதுதான்.

இந்த நம்பிக்கை தவறானது என்கிறேன். சிறிய அளவில் தவறு என்றால் விட்டுவிடலாம். ஆனால் எத்தனையோ பேரின் முனைவர் பட்ட ஆண்டுகளை இது விழுங்கியிருக்கிறது. படிகம் தர மறுத்த புரதம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவற்றில் கணிசமானவை, படிகமாக முடியாதபடி நாமே கரைசலில் கட்டிவைத்தவை என்று நினைக்கிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். படிகம் என்பது என்ன? கரைசலில் தனித்தனியாக அலைந்த மூலக்கூறுகள் அதை விட்டு விலகி, ஒன்றை ஒன்று ஒரே விதமாகப் பற்றிக்கொண்டு அடுக்கப்படுவது. அதாவது, படிகமாதலும் கரைசலிலிருந்து வெளியேறும் வழிகளில் ஒன்றுதான். வீழ்படிவும் அதே வெளியேற்றம்தான், ஒழுங்கற்றது, அவ்வளவே. தெவிட்டிய நிலையைத் தாண்டி அதிதெவிட்டிய நிலைக்குள் புரதத்தைக் கொண்டுபோகாமல் எந்தப் படிகமும் வளராது. அந்த நிலைக்குப் போக விடாமல் தடுப்பதற்கென்றே சேர்த்த பொருள்களைப் படிகம் வளர்க்கும் துளிக்குள் வைத்துக்கொண்டு, துளி ஏன் மாதக்கணக்கில் தெளிவாகவே இருக்கிறது என்று வியப்பதில் பொருளில்லை.

கரைதிறனின் விளிம்பில்தான் படிகம் பிறக்கிறது என்பதைப் பழையவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் விதைப் புரதங்களை ஆராய்ந்தவர்கள், சணல் விதையின் எடஸ்டினை வெதுவெதுப்பான உப்பு நீரில் கரைத்து, குளிரவைத்தே படிகமாக்கினார்கள். 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் நொதியை அசிட்டோன் கலந்த நீரில் எடுத்துக் குளிரில் வைத்துப் படிகமாகப் பெற்றார். நொதிகள் புரதங்களே என்று காட்டியது அந்தப் படிகம். இவர்கள் யாரும் புரதத்தை நிரந்தரமாகக் கரைந்திருக்கச் செய்ய முயலவில்லை. கரைவதற்கும் கரையாததற்கும் நடுவில் புரதம் தயங்கும் இடத்தைத் தேடினார்கள்.

இந்த உள்ளுணர்வுக்கு 1994இல் எண் வடிவம் கிடைத்தது. ஜார்ஜ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒளிச்சிதறல் வழியாக, படிகமாகும் கரைசல்களில் புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஈர்க்கின்றன, எவ்வளவு விலக்குகின்றன என்று அளந்தார்கள். இரண்டாம் விரியல் கெழு என்பது அந்த அளவு. அது நேர்மறையாக இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கரைசல் அழகாகத் தெளிந்திருக்கும். மிகவும் எதிர்மறையானால் கண்மூடித்தனமாக ஒட்டிக்கொள்கின்றன; வெள்ளை வீழ்படிவுதான் மிச்சம். படிகம் தந்த கரைசல்கள் பெரும்பாலும் சுழிக்குச் சற்றுக் கீழே, ஒரு குறுகிய இடைவெளிக்குள் அமைந்திருந்தன. இலேசான ஈர்ப்பு வேண்டும் என்பதுதான் இதன் செய்தி. "எவ்வளவுக்கு எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு நல்லது" என்ற நம்பிக்கையை இந்த ஒரு அளவீடே தகர்த்துவிடுகிறது. மூலக்கூறுகள் தள்ளிக்கொள்ளும் பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் கரைந்திருந்தாலும் அது படிகத்திலிருந்து விலகிய பக்கமே.

இதற்கு மனிதக் கண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. கண்வில்லையில் புரதச் செறிவு மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல். காமா-டி கிரிஸ்டலின் என்ற புரதம் அந்த நெரிசலில் பல பத்தாண்டுகள் கலங்காமல் நிற்கிறது. ஆனால் அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் பிறவியிலோ சிறுவயதிலோ கண்புரை வரக்கூடும். 36ஆம் இடத்து ஆர்ஜினின் செரினாக மாறிய ஒரு சிறுவனின் வில்லையிலிருந்து எடுக்கப்பட்டவை உண்மையான புரதப் படிகங்கள். 2000இல் அவற்றைக் கொண்டே அந்தப் புரதத்தின் கட்டமைப்பும் அறியப்பட்டது. 58ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிய வகையும் எளிதில் படிகமாகிறது. 23ஆம் இடத்து புரோலின் திரியோனினாக மாறிய வகையோ, அதேபோலக் கரைதிறனை இழந்தும், படிகமாகாமல் ஒழுங்கற்ற திரளாகிறது.

இம்மூன்று வகைகளிலும் புரதத்தின் மடிப்பு ஏறக்குறைய மாறவேயில்லை. மேற்பரப்பில் ஓர் இடம் மாறியது, கரைதிறன் வீழ்ந்தது, ஆனால் வீழ்ந்த திசை வெவ்வேறு. கரைதிறன் குறைவது என்பது ஒரே நிகழ்வு அன்று. நல்ல குறைவும் உண்டு, கெட்ட குறைவும் உண்டு. எல்லாக் குறைவையும் ஒரே நோயாகப் பார்த்து ஒரே மருந்தை ஊற்றுகிறவர், படிகமாகக் காத்திருந்த புரதத்தையும் சேர்த்தே தடுத்துவிடுகிறார்.

இனி, தெளிந்த குழாயைப் பற்றி. கலங்கல் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவுக்காவது வளர்ந்திருக்க வேண்டும். பத்து, இருபது மூலக்கூறுகள் சேர்ந்த திரள் அதைவிட மிகச் சிறியது. அப்படிப்பட்ட திரள்கள் நிறைந்த குழாயும் பளிங்குபோலத் தெரியும். 280 நானோமீட்டரில் அளந்தால் செறிவும் சரியாக வரும். ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஓடவிட்டால்தான் பாதிப் புரதம் முதலிலேயே, பெரிய திரள்கள் வரும் இடத்தில் வெளியே வருவது தெரியும். ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால் ஒரே கூர்முகட்டுக்குப் பதில் பரந்த மேடு தெரியும். படிகத்தின் அடுக்கில் இடம்பிடிக்க ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே வேதிநிலை உள்ள மூலக்கூறுகள் வேண்டும். இந்தத் திரள்கள் அடுக்கின் முகப்பில் வந்து ஒட்டி வளர்ச்சியைக் கெடுக்கும்.

கரைசலைத் தெளிவாக வைத்திருக்கும் சேர்மானங்கள் இந்தத் திரள்களை எப்போதும் பிரிப்பதில்லை. பல நேரங்களில் அவை மேலும் வளர்ந்து கண்ணுக்குத் தெரியாதபடி தாமதப்படுத்த மட்டுமே செய்கின்றன. குறை இருப்பதை நம் கண்ணுக்கு அறிவித்திருக்கக்கூடிய ஒரே அடையாளமான கலங்கலையும் நாமே துடைத்துவிடுகிறோம். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

வேதிநிலைக்கும் ஓர் எடுத்துக்காட்டு. புரதத்தின் சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாமல் இருக்க டி.டி.டி. என்ற ஒடுக்கும் பொருளைச் சேர்ப்பது வழக்கம். 20 டிகிரி செல்சியஸில், பி.எச். 6.5இல் அதன் அரையாயுள் 40 மணி நேரம், பி.எச். 8.5இல் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. படிகத் தட்டு வாரக்கணக்கில் நிற்கிறது. காரத் தன்மையுள்ள துளியில் அந்தப் பாதுகாப்பு முதல் நாளே தீர்ந்துவிடும். அதன் பிறகு புரதம் பாதி கோத்தும் பாதி கோக்காமலும் கலவையாகும். துளி மட்டும் தெளிவாகவே இருக்கலாம்.

கிளிசராலை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய அலட்சியம்தான் மிகப் பரவலானது. ஆவிப் பரவல் முறையில் நாம் என்ன செய்கிறோம்? 100 நானோலிட்டர் புரதத்தோடு, தட்டின் குழியிலுள்ள வீழ்படிவாக்கிக் கரைசலில் 100 நானோலிட்டரைக் கலந்து, அதே குழிக்கு மேலே மூடிவைக்கிறோம். குழியில் உள்ள பொருள்கள் துளியில் பாதிச் செறிவில்தான் இருக்கின்றன. எனவே நீர் துளியிலிருந்து குழிக்கு ஆவியாகப் போகும், துளி சுருங்கும், புரதமும் வீழ்படிவாக்கியும் மெல்ல மெல்லச் செறிவாகும். முறையின் உயிரே இந்தச் சுருங்கல்தான்.

இப்போது புரதக் கரைசலில் 10 சதவீதம் கிளிசரால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளியில் அது 5 சதவீதம். லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 மோல். குழியில் கிளிசரால் இல்லை. 20 சதவீதம் பெக் 3350, 0.2 மோலார் உப்பு, கொஞ்சம் பஃபர் மட்டுமே. பெக் பெரிய மூலக்கூறு. 20 சதவீதம் என்றாலும் எண்ணிக்கையில் 0.06 மோலார்தான். கணக்குப் போட்டால், துளியில் உள்ள கிளிசரால் குழியின் மேல்கையை முழுதாகப் பறித்துவிடுகிறது. நீர் எதிர்த்திசையில், குழியிலிருந்து துளிக்குள் வருகிறது. துளி சுருங்குவதற்குப் பதிலாக வீங்குகிறது. புரதம் செறிவாவதற்குப் பதிலாக நீர்த்துப்போகிறது. தட்டை உருப்பெருக்கியில் பார்ப்பவர் "எல்லாத் துளியும் தெளிவு, புரதம் நன்றாகக் கரைந்திருக்கிறது, படிகம்தான் வரவில்லை" என்று குறிப்பெழுதுகிறார். அங்கே படிகமாக்கல் சோதனை நடக்கவே இல்லை. 2 மோலார் அம்மோனியம் சல்பேட் உள்ள குழிகளில் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் பெக் கலந்த குழிகள் நிறைந்த தட்டுகளையே நாம் அதிகம் வைக்கிறோம். துளியில் வரப்போகும் அளவு கிளிசராலைக் குழியிலும் சேர்த்துவிட்டால் நீரோட்டம் நேராகும். எளிய செயல். பெரும்பாலோர் செய்வதில்லை.

புரதத்தைக் கரைய வைக்க 500 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்ப்பவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். அத்தோடு, மின்னேற்றங்களை உப்பு மூடிவிடுவதால், ஒரு மூலக்கூறின் நேர்மின் திட்டும் அடுத்ததன் எதிர்மின் திட்டும் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது. பாஸ்பேட் பஃபர் வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது: குழியில் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் அழகான படிகங்கள் வரும், எக்ஸ் கதிரில் வைத்தபின்தான் அவை வெறும் உப்பு என்று தெரியும்.

ஆர்ஜினினும் குளுட்டாமிக் அமிலமும் தலா 50 மில்லிமோலார் சேர்க்கும் முறை 2004இல் வெளியானது. சில புரதங்கள் அதில் எட்டு மடங்குக்கும் மேல் செறிவாகக் கரைந்தன. நல்ல கண்டுபிடிப்பு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பிறந்த இடம் என்.எம்.ஆர். ஆய்வு. என்.எம்.ஆர். செய்பவருக்குப் புரதம் நாள்கணக்கில் கருவிக்குள் கரைந்தே இருக்க வேண்டும். வெளியே வந்தால் சோதனை பாழ். படிகம் வளர்ப்பவருக்குப் புரதம் வெளியே வந்தே ஆக வேண்டும். ஒரு துறையின் தேவைக்கு ஏற்ற மருந்தை நேர் எதிரான தேவையுள்ள துறைக்குக் கேள்வியின்றிக் கொண்டுவந்தது நம் பிழை.

"அப்படியானால் 2 மில்லிகிராமிலேயே வெள்ளையாகத் திரிந்துபோகும் புரதத்தை என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை, கரைசலை மாற்றுவதற்கு முன் புரதத்தைப் பாருங்கள் என்பது. எச்.ஐ.வி. இன்டகிரேஸ் நொதி நெடுங்காலம் யாருக்கும் வசப்படவில்லை. கரைதிறன் மிகக் குறைவு. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் அதன் மையப் பகுதியை மட்டும் எடுத்து, நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். 185ஆம் இடத்துப் பீனைல்அலனினை லைசினாக்கியபோது புரதம் கரைந்தது, படிகமானது. 1994இல் கட்டமைப்பு வெளிவந்தது. கலங்கலுக்குக் காரணமான இடத்தைத் தேடிப்பிடித்துச் சரிசெய்தார்கள். காரணத்தை மறைக்கும் திரவத்தை ஊற்றியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இதன் மறுபக்கம் இன்னும் வலுவானது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டெரவெண்டாவின் குழு, ரோ ஜி.டி.ஐ. என்ற புரதத்தின் மேற்பரப்பிலுள்ள லைசின்களை அலனினாக மாற்றியது. 2001இல் அந்த முடிவுகள் வந்தன. லைசின் நீண்டு, அசைந்தாடி, நீரோடு ஒட்டி உறவாடும் அமினோ அமிலம். புரதத்தைக் கரைசலில் நிறுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு. அதை எடுத்துவிடுவது கரைதிறனைக் கூட்டும் செயலன்று. பொதுவாகக் குறைக்கவே செய்யும். படிகமாதலோ எளிதானது. அசையும் நீண்ட கைகள் போய், அண்டை மூலக்கூறு உட்காரச் சமதளமான இடம் பிறந்தது. இன்டகிரேஸில் லைசினைச் சேர்த்து வென்றார்கள். இங்கே லைசினை நீக்கி வென்றார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகும் கரைதிறன் ஒரே திசையில் ஏற்றிக்கொண்டே போக வேண்டிய அளவு என்று ஒருவர் எப்படி நினைக்க முடியும்?

புரதத்தை மாற்ற மனமில்லாவிட்டால் உயிரினத்தை மாற்றலாம். ஜான் கெண்ட்ரூ குதிரையின் மயோகுளோபினோடு போராடிச் சலித்து, பல விலங்குகளின் மயோகுளோபினைத் தேடிப்போய், எண்ணெய்த் திமிங்கிலத்தில் பெரிய படிகங்களைக் கண்டார். அடா யோனத் 1980 முதல் ரைபோசோம் படிகங்களுக்காக நாடியது வெந்நீர் ஊற்றின் பாக்டீரியாவையும் சாக்கடலின் உப்புயிரியையும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் சிறு துணையலகை எடுத்ததும் வெப்பம் விரும்பும் தெர்மஸ் பாக்டீரியாவிலிருந்துதான். 2009 நோபல் பரிசுக்குப் பின்னால் இந்தத் தேர்வுகள் இருக்கின்றன. இயல்பாகவே உறுதியான மூலக்கூறைத் தேடிப் போனதால், நிலையற்றதைத் தாங்கிப்பிடிக்கும் வேலை அவர்களுக்குக் குறைந்தது.

எல்லாச் சேர்மானங்களையும் நான் ஒதுக்கவில்லை. புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் பிணையும் தளப்பொருள், தடுப்பான், உலோக அயனி ஆகியவை வேறு இனம். அவை புரதத்தின் அசைவைக் குறைத்து ஒரே நிலையில் நிறுத்துகின்றன. உருகு வெப்பநிலையைச் சாயம் கொண்டு அளந்தால் சில டிகிரி உயர்வது தெரியும். அப்படி நிலைப்படுத்தும் பொருளைத் தேர்ந்து சேர்த்தபோது படிகங்கள் கிடைப்பது கூடியதாக 2006இல் வந்த ஆய்வு காட்டியது. நிலைப்படுத்தும் பொருள் வேறு, கரையவைக்கும் பொருள் வேறு. முன்னது மூலக்கூறுகளை ஒரே மாதிரி ஆக்குகிறது. பின்னது அவை சந்திப்பதையே தடுக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து வரிசையாக ஊற்றிப் பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

"புரதத் தரவு வங்கியைத் திறந்து பாருங்கள், கிளிசரால் பஃபரிலிருந்து வந்த கட்டமைப்புகள் எத்தனை எத்தனை!" என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். உண்மைதான். ஆனால் அந்த வங்கியில் வென்றவை மட்டுமே பதிவாகின்றன. அதே பஃபரில் தோற்றவை எங்கும் எழுதப்படுவதில்லை. வென்றவற்றின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பஃபரை நல்லது என்று சொல்ல முடியாது. எல்லோரும் கிளிசரால் சேர்த்தால் வென்றவையிலும் கிளிசரால்தான் இருக்கும்.

சவ்வுப் புரதம் செய்பவர்கள், டிடர்ஜென்ட் இல்லாமல் எங்களால் ஓர் அடிகூட எடுக்க முடியாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துறையின் பெருவெற்றியையே பாருங்கள். பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியை டிடர்ஜென்டில் கரைத்து வைப்பது முன்பே இயன்றது. படிகம் மட்டும் வரவில்லை, ஏனென்றால் டிடர்ஜென்ட் உறை அதன் உடலின் பெரும்பகுதியை மூடியிருந்தது. மூலக்கூறுகள் தொட்டுக்கொள்ள வெளியே நீட்டிய பகுதி மிகச் சிறியது, அதுவும் அசைந்துகொண்டே இருந்தது. 2007இல் கோபில்காவும் கூட்டாளிகளும் அதன் உள்பக்க வளையம் ஒன்றை நீக்கி, எளிதில் படிகமாகும் டி4 லைசோசைமை அந்த இடத்தில் செருகினார்கள். தொட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. லிப்பிட் ஊடகத்தில் படிகம் வளர்ந்தது. கரைதிறனில் அதுவரை குறை ஏதும் இருக்கவில்லை.

கடைசியாக, செறிவு. மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது வேதவாக்காகிவிட்டது. அந்த எண்ணை எட்டுவதற்காகவே கிளிசராலும் உப்பும் கூட்டப்படுகின்றன. முதல் தட்டில் ஏறக்குறைய பாதித் துளிகள் கலங்கி, பாதி தெளிந்திருந்தால் செறிவு சரி. பெரும்பாலானவை தெளிவென்றால் கூட்ட வேண்டும். பெரும்பாலானவை உடனே வெள்ளையாகிவிட்டால் குறைக்க வேண்டும். 3 மில்லிகிராமில் இந்தப் பாதிக்குப் பாதி வரும் புரதத்துக்கு 3 மில்லிகிராமே உரிய செறிவு. அதை 10க்குத் தள்ள எந்தச் சேர்மானமும் தேவையில்லை.

ஆகவே, சுத்திகரிப்பின்போது புரதத்துக்குக் கிளிசரால் தேவைப்பட்டால் சேருங்கள்; ஆனால் கடைசி ஜெல் ஃபில்ட்ரேஷனை அது இல்லாத பஃபரில், குறைந்த உப்பில் ஓட்டிப்பாருங்கள். வரும் முகட்டை ஒளிச்சிதறலில் வையுங்கள். சில மைக்ரோலிட்டர் போதும். முகடு ஒன்றாக, கூர்மையாக இருந்தால், அன்றே தட்டு வையுங்கள்; அடுத்த நாள் குழாய் இலேசாகக் கலங்கினாலும் பதறாதீர்கள். முகடு பரந்திருந்தால், குழாய் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தட்டு வைக்காமல், புரதத்தின் எந்தப் பகுதி ஆடுகிறது, எந்தச் சிஸ்டீன் கோக்கிறது, எந்த முனையை வெட்டலாம் என்று தேடுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, துளியில் போன ஒவ்வொரு பொருளும் ஏன் அங்கே இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத முடியாத பொருளை அடுத்த தட்டில் விட்டுவிட்டுப் பாருங்கள்.